ஏழாவது பனியன்

டோக்கன் நம்பர் பத்தொன்பது. அட்டையில பேனாவால எழுதிக் குடுத்தது. வாங்கி அரை மணி நேரந்தான் ஆகுது, அதுக்குள்ள ஒன்பதோட வாலு கரைஞ்சு சைபர் மாதிரி ஆயிட்டு வருது. கையை மாத்திப் பிடிச்சேன், அந்தக் கையும் ஈரம். பையில போடலாம்னா சட்டையே ஈரம். தை மாசம், மணி இன்னும் எட்டரை ஆகலை, பக்கத்துல இருக்கிற ஆளு துண்டால காதை மூடிக் கட்டிக்கிட்டு நடுங்குறாரு, எனக்கு மட்டும் என்ன சித்திரையா? முதுகுத்தண்டுல ஒரு சொட்டு இறங்குது. இறங்கட்டும். துடைக்கக் கூடாது. துடைச்சா பாப்பாங்க. இந்தத் துண்டுக்காரரு ஏற்கனவே ரெண்டு வாட்டி பாத்துட்டாரு. என்னத்தைப் பாக்கீரு? நீரும் வயித்துல இருந்து மருந்தெடுக்கத்தானே வந்திருக்கீரு? டோக்கன் குடுக்கிற அம்மா மறுபடியும் ஆரம்பிச்சுட்டா: “யாரும் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது, பச்சத் தண்ணி கூடக் கூடாது, சாப்பிட்டா எடுக்க முடியாது, அப்புறம் எங்களைக் குத்தம் சொல்லக் கூடாது.” நாலாவது வாட்டி சொல்லுதா. நான் சாப்பிடலை தாயே. நான் சாப்பிட்டுப் பத்தொன்பது நாளாச்சு. வெளியில சாப்பிடுறதை விடு, என் பெண்டாட்டி கையால சாப்பிட்டுப் பத்தொன்பது நாளாச்சு. டோக்கனும் பத்தொன்பது. இதைப் பாத்தியா? ச்சே, எல்லாத்திலயும் ஒரு முடிச்சைத் தேடுறதே பொழப்பாப் போச்சு.

ஆவணியில ஆரம்பிச்சது. சாத்தூர் போற பஸ்ஸுல ஏறி, பின்வாசல்ல நின்னு, “டிக்கெட்டைக் காட்டுங்க, டிக்கெட்”னு வாயைத் திறக்கேன், நெத்தியில இருந்து கண்ணுக்குள்ள ஓடுது. பஸ்ஸுல பாதி சீட்டு காலி, காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது. ஒரு பொம்பள தன் கைக்குழந்தைக்கு வீசிக்கிட்டிருந்த நோட்டீஸை என் பக்கம் நீட்டி, “வீசிக்கோங்க சார்”னா. அவ்வளவு அவமானமா இருந்துச்சு. அன்னைக்கு நாலு பஸ்ஸு செக்கிங் பாக்க வேண்டியது, ரெண்டோட வந்துட்டேன். அப்புறம் தினமும். காலையில குளிச்சு முடிச்சு துவட்டும்போதே ஈரம். குளிச்ச ஈரமா வேர்த்த ஈரமான்னு எனக்கே தெரியாது. டாக்டரைப் பாத்தேன். செண்பகத்துக்குத் தெரியாமத்தான் பாத்தேன். சுகர் பாத்தாரு, தைராய்டு பாத்தாரு, நெஞ்சுல ஒயரை ஒட்டி ஓட விட்டுப் பாத்தாரு. எல்லாம் நார்மல். “ஒண்ணுமில்ல பால்வண்ணன், நாப்பத்தொம்பது வயசாகுதுல்ல, டென்ஷனைக் குறைங்க”ங்காரு. ஒண்ணுமில்லாததுக்கா ஒரு நாளைக்கு மூணு பனியன்? அந்த ஆளு ஒண்ணுமில்லன்னு சொல்லும்போது என் மூஞ்சியைப் பாக்கலை, பேப்பரைப் பாத்தாரு. மூஞ்சியைப் பாக்காமப் பேசுறவனை நான் நம்புறதில்லை. பதினோரு வருசமா அதுதானே என் வேலை.

செக்கிங் இன்ஸ்பெக்டர்னா டிக்கெட்டைப் பாக்கிறவன்னு ஊருல நெனைக்காங்க. டிக்கெட்டை யாரு பாத்தா? மூஞ்சியைப் பாக்கணும், அதுக்கு முன்னாடி கழுத்தைப் பாக்கணும். டிக்கெட் இல்லாதவனுக்கு முதல்ல கழுத்து நனையும், காதுக்குப் பின்னால இருந்து ஒரு கோடு இறங்கும். அவன் ஜன்னலுக்கு வெளிய பாப்பான், பையைத் துழாவுவான், சிரிப்பான், கோடு மட்டும் பொய் சொல்லாது. டிப்போவுல புதுசா வர்றவனுக்கெல்லாம் நான் சொல்லிக் குடுத்த பாடம் இது, வேர்க்கிறவனைப் பிடி. அப்படிப் பிடிச்சதுதான் அந்தக் கடம்பூர்க்காரனை. முப்பது வயசு இருக்கும், வெள்ளைச் சட்டை, அக்குள்ல இருந்து இடுப்பு வரைக்கும் நனைஞ்சிருச்சு. டிக்கெட் எங்கடான்னா, “எடுத்தேன் சார், கையிலதான் சார் இருக்கு”ன்னு கையை விரிக்கான். உள்ளங்கையில பேப்பர் கூழு. எழுத்தும் இல்லை, நம்பரும் இல்லை. “எனக்கு சின்ன வயசுல இருந்தே வேர்க்கும் சார், கையில என்ன பிடிச்சாலும் இப்படித்தான் சார்.” நான் சிரிச்சேன். களவாணிக்குத்தாண்டா வேர்க்கும்னேன். பஸ்ஸே சிரிச்சுது. கண்டக்டர் இசக்கிகிட்ட கேட்டேன், “கூட்டத்துல ஞாபகமில்ல சார்”னு தலையைச் சொறிஞ்சான். கரிசக்காட்டு நடுவுல இறக்கி விட்டுட்டுப் போயிட்டோம். அவன் திட்டலை, சண்டை போடலை, கையை வேட்டியில துடைச்சுக்கிட்டே நின்னான். ஆறு வருசமாச்சு. இப்ப எதுக்கு அவன் ஞாபகம்? இந்த அட்டையைப் பாத்தா ஞாபகம் வராம என்ன செய்யும்? ஒன்பது போயே போச்சு. கூப்பிடும்போது நான் கையை விரிச்சா, இது என்ன நம்பர்னு அந்தம்மா கேட்டா, எடுத்தேன் தாயே, கையிலதான் இருக்குன்னு சொல்லணும். நல்லா வேணும் எனக்கு.

சரி, மறைக்க என்ன பாடு பட்டேன்! தோள்பையில மாத்துச் சட்டை ரெண்டு, பனியன் ரெண்டு, பவுடர் டப்பா ஒண்ணு. டிப்போ பாத்ரூமுல மாத்தி, நனைஞ்சதை பிளாஸ்டிக் கவருல சுத்தி, விடியக் காலையில செண்பகம் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி நானே அலசிக் கொடியில போட்டுருவேன். என்னன்னு கேட்டா, “சும்மா, உனக்கு எதுக்குக் கஷ்டம்”னு சொல்லத் தயாரா வச்சிருந்தேன். அவ கேக்கவே இல்லை. இருபத்தோரு வருசத்துல ஒரு கைக்குட்டை துவைக்காதவன் தினம் துவைக்கேன், இவ ஒரு வார்த்தை கேக்கலை. அதுதான் எனக்கு முதல்ல உறுத்துச்சு. கேக்காதவளுக்கு விஷயம் தெரியும்னு அர்த்தம். டிக்கெட் வச்சிருக்கிறவன் “என்ன சார்”னு நிமிர்ந்து கேப்பான், வைக்காதவன்தான் பேசாம இருப்பான். அப்புறம் சாப்பாடு. ரசம் சப்புன்னு இருக்கு, குழம்பு ஒரு மாதிரி கசக்கு. உப்பு எங்கன்னா, “போட்டேனே, உங்க நாக்குத்தான் மரத்துப் போச்சு”ங்கா. சாயங்காலம் டிபன் பாக்ஸைக் கையில வாங்கின உடனே திறந்து பாக்கா. “முழுசாச் சாப்பிட்டீங்களா? மிச்சம் வைக்கலையே?” முன்னெல்லாம் இப்படிக் கேட்டதே இல்லை. அடுப்படியில நின்னு போன்ல குசுகுசுன்னு பேசுதா, நான் போனா, “சரி வையி”ன்னு வச்சிருதா. ஒரு நாள் விடியக்காலம் முழிச்சுப் பாக்கேன், எனக்குப் பக்கத்துல உக்காந்து என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கா. “என்ன?”ங்கேன். “ஒண்ணுமில்ல”ங்கா. டாக்டரு சொன்ன அதே ஒண்ணுமில்ல.

இசக்கிதான் வாயைத் திறந்தான். “சார், தப்பா எடுத்துக்காதீங்க, சுகர் இல்ல, தைராய்டு இல்ல, காரணமில்லாம வேர்த்து ஊத்துதுன்னா அது இடுமருந்து சார். சாப்பாட்டுல கலந்து குடுத்திருப்பாங்க. எங்க சித்தப்பாவுக்கு அப்படித்தான். எட்டயபுரம் ரோட்டுல ராசையான்னு ஒருத்தரு இருக்காரு, வயித்துல குழலை வச்சு உறிஞ்சித் துப்புவாரு, மஞ்சக் கலர்ல உருண்டையா விழும், நானே பாத்தேன்.” யாருடா எனக்கு மருந்து வைக்கப் போறா, வீட்டுச் சாப்பாடு தவிர வேற தொடுறதில்லையேன்னேன். இசக்கி பேசலை. பேசாம டிக்கெட் கட்டை அடுக்கினான். அந்தப் பேசாம இருந்ததுல போட்டுட்டான் விதையை, படுபாவி. அன்னைக்கு மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தேன், மோந்து பாத்தேன், டிப்போ நாய்க்கு வச்சுட்டேன். பத்தொன்பது நாளா அது தின்னுட்டு நல்லாக் கொழுத்துருச்சு. நாய்க்கு ஒண்ணும் ஆகலையேன்னு ஒரு வாரம் கழிச்சு கொஞ்சம் நிம்மதி வந்துச்சு, அப்புறந்தான் உறைச்சுது, நாய்க்கு எங்கடா வேர்க்கும்? இதுதான் என் புத்தி. ராத்திரியில வயிறு சரியில்லன்னு ரெண்டு வாழைப்பழம், காலையில டீக்கடை பன். நாலு கிலோ இறங்கிருச்சு. வேர்வை மட்டும் இறங்கலை.

போன புதன்கிழமைதான் பனியன் விஷயம். ரெண்டு நாளுத் துணி சேர்ந்து, நான் ஏழு அலசிப் போட்டேன். எண்ணித்தான் போட்டேன், எண்ணுறது என் வழக்கம். சாயங்காலம் மடிச்சு வச்சிருக்கா, ஆறு. பீரோவுல பாத்தேன், கட்டிலுக்குக் கீழ பாத்தேன், மாடியில காத்துல விழுந்திருக்குமோன்னு பக்கத்து வீட்டுக் கொல்லையை எட்டிப் பாத்தேன். இல்லை. “செண்பகம், ஒரு பனியனைக் காணோமே”ன்னு சாதாரணமாக் கேட்டேன். “எந்தப் பனியன்?”னா. கழுத்தைப் பாத்தேன். கோடு இல்லை, காய்ஞ்ச கழுத்து. ஆனா கண்ணு ஜன்னல் பக்கம் போச்சு. மாட்டிக்கிட்டா. போட்ட துணியை எதுக்கு எடுப்பாங்கன்னு யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். அதை எடுத்துட்டுப் போயி, ஒருத்தன்கிட்டக் குடுத்து, மந்திரிச்சு... ஏன் செண்பகம்? என்னத்துக்கு? புருசனை முந்தானையில முடிஞ்சுக்கணும்னு வைப்பாங்களாம். அவ முந்தானையை விட்டு நான் எங்க போனேன்? மகளும் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போயிட்டா, வீட்டுல இருக்கிறதே ரெண்டு பேரு. அந்த ரெண்டு பேருல ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டா வீடுன்னு என்ன இருக்கு? இருந்தாலும் பத்தொன்பது நாளா அந்தச் சந்தேகத்தை நிறுத்த முடியலை. ஏன்னா... சரி, யாருக்கும் கேக்காது, மனசுக்குள்ளதானே. எங்கப்பா ஐம்பத்தோரு வயசுல ஒரு நாள் சாயங்காலம் நாற்காலியில சாஞ்சு, “வேர்க்குதுடா, ஃபேனைக் கூட்டி வை”ன்னாரு. ஃபேன் அஞ்சுலதான் ஓடிச்சு. நான் அப்பவும் ஸ்விட்ச்கிட்டப் போயி திருகிட்டுத் திரும்பினேன், முடிஞ்சிருந்துச்சு. எனக்கு நாப்பத்தொம்பது. கணக்கு எனக்குத் தெரியாதா? பெண்டாட்டி மருந்து வச்சான்னா அவகிட்டச் சண்டை போடலாம், கோவிச்சுக்கலாம், ராசையா உறிஞ்சி எடுத்துருவாரு. உள்ளுக்குள்ள என்னமோ ஆகுதுன்னா யாருகிட்டப் போயி சண்டை போட? அதனால செண்பகமே செஞ்சதா இருந்துட்டாத் தேவலைன்னு இருக்கு. இப்படியும் ஒருத்தன் நெனைப்பானா? நெனைக்கேனே.

“பதினேழு!” ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்கு நடுவுல பச்சை வலை கட்டி இந்தப் பக்கம் ஆம்பளைங்க, அந்தப் பக்கம் பொம்பளைங்க. எதிர்ல ராசையாவோட ரூம்பு, கதவு கிடையாது, ஒரு வேட்டித் திரைதான். மனுசனுக்குக் காது மந்தம். அவரு கத்திக் கேக்காரு, வந்தவங்களும் கத்திச் சொல்லணும், ஊரு மொத்தத்துக்கும் குடும்பக் கதை கேக்குது. என் முறை வந்தா நானும் கத்தணுமோ, என் பெண்டாட்டி எனக்கு மருந்து வச்சுட்டான்னு? நாக்கு உலருது. உடம்பெல்லாம் தண்ணி, நாக்கு மட்டும் உலருது. பதினேழாவது ஆளு எந்திரிச்சு வலையைத் தாண்டிப் போறா. கையில வயர்க் கூடை. நீலமும் வெள்ளையும். கைப்பிடியில ஒரு இடத்துல மட்டும் வெள்ளைக்குப் பதிலா மஞ்ச வயரு, ஏன்னா வெள்ளை தீர்ந்து போச்சுன்னு கடைக்குப் போகச் சொன்னா, நான் போகலை, வீட்டுல கிடந்த மஞ்சளை வச்சே முடிச்சா. அந்தக் கூடை. அந்தச் சிவப்புக் கட்டம் போட்ட சேலை. செண்பகம். காலையில டிபன் பாக்ஸைக் கையில குடுத்து, “டியூட்டி முடிஞ்சு சீக்கிரம் வாங்க”ன்னு வாசல்ல நின்னவ. நான் லீவு போட்டது அவளுக்குத் தெரியாது, அவ கிளம்பினது எனக்குத் தெரியாது. வரலாமா வேண்டாமான்னு நான் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்த நேரத்துல எனக்கு முன்னாடி வந்து டோக்கன் வாங்கியிருக்கா. சுவரோட ஒட்டிக்கிட்டேன். துண்டுக்காரரு முதுகுக்குப் பின்னால தலையைக் குனிஞ்சேன். பயமா? இல்லை, சந்தோசம். சத்தியமாச் சொல்லுதேன், முதல்ல வந்தது சந்தோசந்தான். மாட்டினியா? மருந்து வாங்க வந்த இடத்துலயே கையும் களவுமா மாட்டினியா? பதினோரு வருச சர்வீஸுல இப்படி ஒரு கேஸு பிடிச்சதில்லை.

“யாருக்குத் தாயி?”ன்னு ராசையா கத்துறாரு. “எங்க வீட்டு அவுகளுக்கு!” செண்பகத்துக்குக் கத்திப் பேசிப் பழக்கமில்லை, குரல் பிசிறடிக்கி. “என்ன செய்யுது?” “வேர்த்து ஊத்துது. ஆவணியில இருந்து. ராவும் பகலும். எங்கிட்டச் சொல்லாம மறைக்கிறாக. விடியக் காலையில எந்திரிச்சு அவுகளே துணி துவைக்கிறாக, நான் தூங்குற மாதிரிப் படுத்திருப்பேன். கேட்டா வெக்கப்படுவாகன்னு கேக்கலை.” “மறைக்கிறான்னா, வேற பொம்பளை சகவாசம் ஏதும் உண்டா?” கொட்டகையே அமைதியாக் கேக்குது. “இருந்தா இருந்துட்டுப் போகுது சாமி, உடம்பு நல்லா இருந்தாச் சரி. அவுக அப்பா இப்படித்தான் வேர்த்துப் போனாக. அது ஒண்ணுதான் எனக்குப் பயமா இருக்கு. தெரிஞ்ச ஒரு டாக்டரம்மாட்ட போன்ல கேட்டு உப்பைக் குறைச்சேன், யாரோ சொன்னாங்கன்னு வெந்தயம் அரைச்சுக் குழம்புல போட்டேன், ஒண்ணுங் கேக்கலை. இப்ப ஆளு வேற மெலிஞ்சு போறாக. இந்தா, நீங்க போன்ல கேட்டீங்கள்ல, உடுத்துன துணி.” கூடையில இருந்து எடுக்கிற சத்தம் எனக்குக் கேக்கலை, ஆனா தெரியும். ஏழாவது பனியன். ராசையா அதை மோந்து பாத்தாரோ, தடவிப் பாத்தாரோ, கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டாரு: “எங்க சாப்பிடுறான்? யாரு வீட்டுல கை நனைச்சான்?” “எங்கயும் கை நனைக்க மாட்டாக. இப்பத்தான் வயிறு சரியில்லன்னு ராத்திரி பழம் திங்கிறாக, மத்தபடி மூணு வேளையும் என் கையாலதான்.” “அப்படின்னா குடுத்தது நீதான்னு ஆகுதே தாயி!” யாரோ ஒருத்தன் களுக்குன்னு சிரிச்சான். எழுந்து போயி அவன் பல்லை உடைச்சிருப்பேன், துண்டுக்காரரு முதுகுக்குப் பின்னால இன்னும் குனிஞ்சேன். செண்பகம் சிரிக்கலை, கோவிக்கலை. “ஆமா சாமி”ன்னா. “நானும் அப்படித்தான் யோசிச்சேன். அதான் அவுகளைக் கூட்டிட்டு வராம நானே வந்தேன். தெரிஞ்சு நான் ஒண்ணும் பண்ணலை. எனக்குத் தெரியாம என் கையில ஏதும் கோளாறு இருந்தா எனக்கு எடுத்து விடுங்க. நான் பச்சத் தண்ணி குடிக்காமத்தான் வந்திருக்கேன்.”

என்னைச் செருப்பால அடிச்சிருக்கலாம். பதினோரு வருசமா எத்தனை கழுத்தைப் பாத்திருக்கேன், பக்கத்துல படுத்திருக்கிறவ தூங்கலைன்னு பாக்கத் தெரியலையே. கடம்பூர்க்காரா, உன்கிட்ட டிக்கெட் இருந்துச்சுடா. எனக்கு அன்னைக்கே தெரியும்டா, கூழானாலும் அது டிக்கெட் கலருதான். கண்ணுக்குள்ள வேர்வை ஓடுது, வேர்வைதானா தெரியலை, துடைக்கலை, யாரு பாத்தா எனக்கென்ன. தோள்பையைத் திறந்தேன். மாத்துச் சட்டை, பவுடர் டப்பா, அதுக்குக் கீழ டிபன் பாக்ஸு, இன்னும் இளஞ்சூடு. அஞ்சு மணிக்கு எந்திரிச்சு எனக்குக் கட்டிக் குடுத்துட்டு, தான் ஒரு வாய் தண்ணி குடிக்காம பஸ்ஸேறி வந்திருக்கா. மூடி கையில வழுக்குது, சட்டை நுனியால பிடிச்சுத் திறந்தேன். எலுமிச்சம்பழச் சோறும் உருளைக்கிழங்கும். ஒரு பிடி அள்ளி வாயில வச்சேன். டோக்கன் குடுக்கிற அம்மா பாத்துட்டா. “ஏய், பத்தொன்பது! என்னய்யா பண்ணுத? எத்தனை வாட்டி சொன்னேன்? சாப்பிட்டா எடுக்க முடியாதுய்யா!” வாய் நிறைய இருந்துச்சு, அதனால தலையை மட்டும் ஆட்டினேன். ரெண்டாவது பிடி. துண்டுக்காரரு நகர்ந்து உக்காந்தாரு. மூணாவது பிடி. அப்பப்பா, என்ன பசி.

சத்தம் கேட்டுத் திரையை விலக்கிக்கிட்டு அவ வெளிய வந்தா. ஒரு கையில கூடை, இன்னொரு கையில பனியன். என்னைப் பாத்தா. என் மடியில டிபன் பாக்ஸைப் பாத்தா. பெஞ்சுல கிடந்த அட்டையைப் பாத்தா, நம்பர் போயி வெறும் நீலக் கறைதான் இருந்துச்சு, ஆனா அவளுக்கு அது போதும். கிட்ட வந்து நின்னு மெதுவாக் கேட்டா, “நான் வச்சிட்டேன்னு நெனைச்சீங்களா?” இல்லைன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயில சோறு இருந்துச்சு. ஆமான்னு தலையாட்டினேன். செண்பகம் ஒரு ஆளு இடம் விட்டுத் தள்ளி பெஞ்சுல உக்காந்தா. என் பக்கம் திரும்பலை. பனியனை மட்டும் என் தொடையில வச்சா. அதை எடுத்து மூஞ்சியைத் துடைச்சேன், துடைக்கத் துடைக்க வந்துக்கிட்டே இருந்துச்சு, பாக்ஸுக்குள்ளயும் சொட்டுச்சு. ஏதாவது சொல்லணுமேன்னு, “உப்பு சரியா இருக்கு”ன்னேன். அவ வலையைப் பாத்துக்கிட்டே, “இன்னைக்கு உப்பே போடலை”ன்னா. பாதியைப் பாக்ஸோட மூடியில எடுத்து வச்சு அவ பக்கம் நகர்த்தினேன், அவ தொடலை, தள்ளியும் விடலை. நான் மிச்சத்தைச் சாப்பிட்டேன்.